எனக்கு ஆட்சேபணை இல்லை

பெரிய காஞ்சிபுரம்,
7-6-1971.

அன்புள்ள தங்களுக்கு,

கமலாட்சி எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று உங்கள் கார்டிலிருந்து ஊகித்துக்கொண்டேன். அதில் டில்லி வெயிலைப் பற்றி நான்கு வரியும் உங்களைப் பற்றி அரை வரியும் இருந்தது. வயிற்றுவலி மருந்து பெட்டியின் வலது மூலையில், துண்டுக்கு அடியில் இருக்கிறது. தேடிப் பார்க்காமலே காணோம் என்று எழுதிவிட வேண்டாம்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் இரண்டு தவலை நிரம்புவதற்குள் கயிறு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. திருச்சியிலிருந்து அலமு எழுதியிருக்கிறாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். அப்பா டில்லியில் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தாள். வேதாசல முதலியாருடைய பட்டுக்கடைக்கு இறக்குமதி லைசென்ஸ் விஷயமாக ஆலோசனை சொல்லப் போயிருக்கிறார் என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான், முதலியார் இங்கே கடையில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் டில்லியில் யாருக்கு ஆலோசனை சொல்கிறீர்கள் என்று யோசனை வந்தது. தேர்தலில் தோற்று நான்கு வருடமாக நீங்கள் செய்துவரும் இந்தத் தொழில் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதற்கான ஆங்கிலக் கடிதங்களை எழுதித் தருகிறவள் நானே என்றாலும்.

முனிசாமி தினமும் ஒன்பது மணிக்கு வந்து முன்னறையைத் திறக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். அந்தத் தொண்டையை இப்போது பெஞ்சில் ஆட்களை வரிசையாக உட்காரவைப்பதில் செலவழிக்கிறார். நீங்கள் ஊரில் இல்லை என்று சொன்னாலும் ஆட்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு, ரேஷன் கார்டு, பையனுக்கு ஹாஸ்டலில் இடம். வந்தவர்கள் சும்மா திரும்புவதில்லை. உங்கள் நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். இது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை முசரவாக்கம் போகிற வழியில் வாய்க்கால் மேட்டில் குடியிருக்கிறவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். அறுபத்தொன்பது மழையில் அவர்களுடைய பழைய குடிசைகள் போனபோது நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மேட்டில் ஏற்றிவிட்டீர்களே, அவர்கள்தான். அவர்களுக்காகப் பேசியவள் பட்டம்மாள் என்கிறவள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள், என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள். தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த மேடு சர்க்கார் புறம்போக்கு, பதினொரு வீட்டையும் காலி செய்ய வேண்டும், ஏதாவது சொல்வதற்கு இருந்தால் 25ஆம் தேதி தாசில்தார் முன் ஆதாரத்தோடு வர வேண்டும் என்று இருந்தது. நான் படித்துச் சொன்னேன். பட்டம்மாள் கொஞ்சமும் பதறவில்லை.

"அதான் ஆதாரம் இருக்குதேம்மா" என்று மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள். உள்ளே உங்கள் கடிதத்தாள் எட்டாக மடித்து இருந்தது. தேதி 3-2-1970. "மேற்படி இடத்தில் மேற்படியார்கள் வீடு கட்டிக் குடியிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." கீழே உங்கள் கையெழுத்து. அதற்கும் கீழே சட்டமன்ற உறுப்பினர் என்ற பழைய ரப்பர் முத்திரை. அதன் தலைமாட்டில், முனிசாமி தனியாகச் செய்து வைத்திருக்கும் "மாஜி" என்ற சின்ன முத்திரை, கொஞ்சம் சாய்ந்து, கோயில் கோபுரத்தில் விளக்கு போட்ட மாதிரி.

அதைப் பட்டா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது பட்டா இல்லை, உங்கள் ஐயா இப்போது பதவியில் இல்லை என்று நான் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டம்மாள்தான் எனக்குப் புரியவைத்தாள். "எம்.எல்.ஏ.வா இருந்தப்போ ஐயா எங்க பக்கம் ரெண்டே தபாதாம்மா வந்தாரு. மாஜி ஆனப்பறம் மாசத்துக்கு ரெண்டு தபா வந்துக்கினு இருக்கிறாரு. பெரிய உத்தியோகம் ஆவாம இது ஆவுமா? வெறும் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு முத்திரைதான். நம்ம ஐயாவுக்கு ரெண்டு."

மாஜி என்றால் முன்பு இருந்தவர், இப்போது இல்லாதவர் என்று எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். பட்டம்மாள் பரிதாபத்தோடு என்னைப் பார்த்து, "ஐயா மேல எதுனா கோவமாம்மா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "டில்லிக்கு இட்டுக்கினு போவல, அதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

அவர்கள் போன பிறகு முனிசாமியைக் கேட்டேன். அவர் என்மேலேயே வருத்தப்பட்டார். "நம்பிக்கினு இருக்கிறவங்கள ஏம்மா கலைக்கிறீங்க? ஐயா என்னா எழுதினாரு, ஆட்சேபணை இல்லைன்னுதானே? அது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் என் குழப்பம். அவர்கள் அங்கே இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் இல்லை. நம் தெருத் தபால்காரருக்கும் இருக்காது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்தால் யாரும் சுவர் எழுப்ப மாட்டார்கள். பதவியில் இருந்தபோது மனுக்களின் ஓரத்தில் எழுதிப் பழகியதை அப்படியே எழுதினீர்களா, அல்லது படிக்கிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே எழுதினீர்களா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்கிறேன். கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு வராது. உங்கள் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வருவதே அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

25ஆம் தேதிக்குள் நான் அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்? உடனே எழுதவும். இரவில் மொட்டை மாடியில் படுக்கிறீர்கள் என்று தெரிகிறது. தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளவும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கமலாட்சி.


பெரிய காஞ்சிபுரம்,
18-6-1971.

அன்புள்ள தங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. மூன்று முறை படித்தேன். கவலைப்பட வேண்டாம், தாசில்தார் நல்ல மனிதர், அவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே ஆறுதலாக இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. இதே கடிதத்தை முதலியாருக்கு அனுப்பினால் அவருக்கும் ஆறுதலாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஏன் முதலியார் பெயரை இழுக்கிறேன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன், திங்கட்கிழமை, முதலியார் கடைக் கணக்கப்பிள்ளை முருகேசன் வந்தார். சாயப் பட்டறை ஃபைலில் ஒரு நகல் வேண்டும் என்றார். நான்தான் அலமாரியைத் திறந்து தேடிக் கொடுத்தேன். முதலியார் தம் சாயப் பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோக இடம் கேட்டு சர்க்காருக்குப் போட்ட விண்ணப்பம் அதில் இருந்தது. தேதி 20-1-1971. கேட்டிருக்கிற இடம் முசரவாக்கம் போகிற வழியில், வாய்க்கால் மேடு. கூடவே உங்கள் கடிதத்தாள். "மேற்படி இடத்தில் மேற்படியார் சாயப் பட்டறை அமைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." அதே கையெழுத்து. அதே இரண்டு முத்திரை. இதில் மாஜி நேராக விழுந்திருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் நான் உங்கள்மேல் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அது என் ஆங்கிலம். நான்காவது பத்தியில், அந்த இடத்தில் ஒருவரும் குடியிருக்கவில்லை என்று சின்னதாக, அழகாக ஒரு வாக்கியம். அதை நம்பி இடத்தைப் பார்க்கப் போனவர்கள் பதினொரு வீட்டையும் ஆக்கிரமிப்பு என்று எழுதியிருக்க வேண்டும்; அந்த ஒரு வாக்கியத்தினால்தான் நோட்டீஸ் கிளம்பியிருக்கிறது.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொங்கலுக்கு அடுத்த வாரம். நீங்கள் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு சொன்னீர்கள். "அங்கே யாரும் இல்லைன்னு போடு" என்றீர்கள். "யாருமே இல்லையா?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு நடை நடந்துவிட்டு, "பட்டாவோட யாரும் இல்லை" என்றீர்கள். நான் அப்படியே எழுதினேன். பிறகு சுத்தமாகத் தட்டெழுதும்போது வாக்கியம் இழுக்கிறதே என்று அந்தப் பட்டாவை எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று யோசிக்கவில்லை. காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் ஆங்கிலம் என்பதால் படிக்காமல் சரிபார்த்தாயிற்று என்று முதலியாரிடம் கொடுத்தீர்கள். முதலியார் நீங்கள் கொடுத்தது என்பதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் சொன்னது பாதி உண்மை. நான் எழுதியது முழுப் பொய். இதில் பொய் சொன்னவர் யார் என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் இந்த மாதிரி கேள்விகளுக்கு விடை எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான்.

புதன்கிழமை நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். உங்களோடு ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. பதினொரு வீடு என்று நோட்டீஸில் படிப்பது வேறு. பட்டம்மாள் வீட்டு வாசலில் சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். அவள் வீட்டுக்கு அடுத்தது அந்தோணி என்கிறவர் வீடு. கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர், பேச்சு குறைவு. மற்றவர்கள் கூரைதான் போட்டிருக்கிறார்கள், அவர் மட்டும் சீமை ஓடு போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஐயா சீட்டு இருக்குதேன்னு" என்றார். அவர் மனைவி மேரி எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன். அவர்கள் எல்லோரும் நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசமரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் போன வருடம் போட்டுக் கொடுத்த கைப்பம்பு இருக்கிறது. அப்படியென்றால் ஜனவரியில் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

முதலியார் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. நம் தெருச் சாக்கடையில் ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் மயில்கழுத்து நிறமுமாக ஓடுகிறது. பட்டறை வெளியே போனால் ஊருக்கு நல்லது. முப்பது பேருக்கு வேலை என்கிறார், அதுவும் உண்மையாக இருக்கலாம். அவர்களும் நல்லவர்கள், இவர்களும் நல்லவர்கள், இருவருக்கும் நல்லது செய்ய நினைத்தீர்கள். ஆனால் மேடு ஒன்றுதானே இருக்கிறது? முதலியாருக்கு எழுதிக் கொடுத்தபோது பட்டம்மாளுக்கு எழுதிக் கொடுத்தது உங்கள் நினைவில் இருந்ததா? இருந்தது என்றால் எனக்கு ஒரு மாதிரி பயம். இல்லை என்றால் வேறு மாதிரி பயம்.

உங்களை நான் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்திருக்கிறேன், அது உங்களுக்கும் தெரியும். மாலையும் கோஷமுமாக நீங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் சமையலறையில்தான் இருந்தேன். தோற்ற பிறகு, யாரும் கேட்காமலே நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் யாருக்கோ ரத்தம் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, என் சந்தேகம் தப்போ என்று முதல் தடவையாக நினைத்தேன். இப்போது எதை நினைப்பது என்று தெரியவில்லை. அந்த ஆளும் நீங்கள்தான், இந்த இரண்டு காகிதமும் உங்களுடையதுதான்.

25ஆம் தேதி விசாரணை. பட்டம்மாள் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டுவாள். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதோடு முடிந்துவிடும். நான் போய், விண்ணப்பத்தை எழுதியது நான், அந்த வாக்கியம் தப்பு என்று சொன்னால் கேட்பார்களோ என்னவோ. சொன்னால் முதலியார் உங்களைச் சும்மா விடமாட்டார். சொல்லாவிட்டால் பதினொரு வீடும் போய்விடும். நான் போகட்டுமா, வேண்டாமா? கடிதத்துக்கு நேரமில்லை, தந்தி கொடுங்கள்.

குழப்பத்துடன்,
கமலாட்சி.


பெரிய காஞ்சிபுரம்,
26-6-1971.

அன்புள்ள தங்களுக்கு,

உங்கள் தந்தி வியாழக்கிழமை மாலை வந்தது. தபால்காரரே நின்று படித்துச் சொன்னார், அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். தமிழில் சொன்னால், ஆட்சேபணை இல்லை.

முதலில் சிரித்தேன். தபால்காரர் நல்ல சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு தாமும் சிரித்தார். அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போகட்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தேன். நான் போவதில் ஆட்சேபணை இல்லையா, போகாமல் இருப்பதிலா? வேண்டுமென்றே இப்படிக் கொடுத்தீர்களா, தந்தி ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டு கை தானாக எழுதியதா? முனிசாமியிடம் காட்டினேன். "ஐயா சம்மதிச்சுட்டாரும்மா" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அது நீங்க எதைச் செய்யப் போறீங்களோ அதுக்கு" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

நான் போனேன்.

தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பதினொரு வீட்டு ஆட்களும் சலவைத் துணி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாள் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மாவே வந்துட்டாங்க, அப்ப வேலை முடிஞ்சுது" என்று மற்றவர்களிடம் சொன்னாள். முருகேசன் தூணோரமாக நின்று எனக்குக் கும்பிடு போட்டார். அவருக்கும் நான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தாசில்தார் இளவயதுக்காரர், நிதானமானவர். பட்டம்மாள் டப்பாவைத் திறந்து காகிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். நான் எழுந்து, என் வீட்டுக்காரருடையது என்றேன். பெயரைச் சொல்ல வேண்டும், வாக்குமூலத்தில் எழுத வேண்டும் என்றார்.

இருபத்தாறு வருடத்தில் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாக்கு எழவில்லை. குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பட்டம்மாள் எனக்கு உதவுவதாக நினைத்து, "மாஜின்னு எழுதிக்கங்க சார், ஜில்லா முழுக்கத் தெரியும்" என்றாள். வராந்தாவில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

நான் சொன்னேன். கண்ணாயிரம். நான்கு வருடத்துக்கு முன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. யாருக்கும் இடம் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது, எப்போதும் இருந்ததும் இல்லை.

பட்டம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். வீட்டில் நான் சொன்னபோது கோபத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டவள், பெஞ்சாதியே பேரைச் சொல்லி ஆபீஸில் சொன்னதும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு மற்றதைச் சொல்வது சிரமமாக இல்லை. முதலியார் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதியது நான், எழுதும்போது இடத்தைப் பார்க்கவில்லை, ஒருவரும் குடியிருக்கவில்லை என்ற வாக்கியம் தப்பு, அதைச் சுருக்கியது நானேதான் என்றேன். குமாஸ்தா எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். முருகேசன் அப்போதே வெளியே போய்விட்டார்.

தாசில்தார் சொன்னது இது. உங்கள் காகிதம் இரண்டுமே செல்லாது. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்று தெரிந்தால், அந்த மேட்டை அவர்களுக்கே ஒதுக்கச் சொல்லி மேலே எழுதுவார். எனக்கு எப்போது குடிவந்தார்கள் என்று நேரடியாகத் தெரியாது என்பதால் என் வாக்குமூலம் போதாது, குடியிருக்கிறவர்கள் தாங்களே சொல்வதும் சாட்சியாகாது. அவர்களை மேட்டில் ஏற்றிவிட்டவர் நேரில் வந்து, இன்ன தேதியிலிருந்து இருக்கிறார்கள் என்று சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூலை 12ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அவரும் சர்வேயரும் மேட்டுக்கு வந்து அளக்கிறார்கள். அன்றைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை என்றால் நோட்டீஸ்படி நடக்கும். இதற்கு மேல் தவணை கொடுக்க அவரால் முடியாதாம்.

வெளியே வந்ததும் பட்டம்மாள் கேட்டாள், "அப்ப இந்தச் சீட்டு செல்லாதாம்மா?" செல்லாது என்றேன். அவள் அழவில்லை. காகிதத்தை மறுபடி எட்டாக மடித்து டப்பாவில் போட்டாள். "செல்லாத சீட்ட வச்சிக்கினு செல்லுபடியா சுவரு எழுப்பிட்டோம்மா" என்றாள். பிறகு, "ஐயாவுக்குத் தெரியுமா அது செல்லாதுன்னு?" என்றாள். தெரியாது என்றேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை. எனக்குத் தெரியாது.

அந்தோணி மட்டும் தனியாக வந்து, ஓடுகளை இப்போதே இறக்கிவிடலாமா, மழை வருவதற்குள் விற்றால் பாதி விலையாவது தேறும் என்று கேட்டார். 12ஆம் தேதி வரை பொறுங்கள் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பாருங்கள், நானும் அதே வேலையைத்தான் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எதிரில் நின்று கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையை அளந்து சொல்வது அவ்வளவு சுலபமில்லை என்று ஒரு நிமிஷம் உங்களைப் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம்தான்.

இன்று காலை முருகேசன் வந்து எல்லா ஃபைலையும் எடுத்துக்கொண்டு போனார். தட்டெழுத்து மிஷினையும் தூக்கிக்கொண்டு போனார், அது முதலியாருடையது என்பதையே நான் மறந்திருந்தேன். "படிச்சவங்க செய்யிற காரியமாம்மா இது? கட்டினவரைக் காட்டிக் குடுத்துட்டீங்களேன்னு முதலாளி கேட்கச் சொன்னாரு" என்றார். கேட்டாயிற்று என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, கொஞ்சம் தணிந்து, இன்னொரு விஷயமும் சொன்னார். முதலியாருக்கு உங்கள்மேல் கோபமில்லையாம். எல்லாம் என் வேலை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம். நீங்கள் டில்லியிலிருந்து நேரே பம்பாய் போய் அங்கே சாய மிஷின் பார்த்துவிட்டு 20ஆம் தேதிக்கு மேல் திரும்பினால் போதும், டிக்கெட் தபாலில் வருகிறது என்றார்.

அதனால்தான் இதை எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன். டிக்கெட்டும் இந்தக் கடிதமும் ஏறக்குறைய ஒரே நாளில் உங்கள் கைக்கு வரும்.

பம்பாய்க்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனால் உங்கள் தொழில் நிலைக்கும், முன்னறை பெஞ்சு நிரம்பும், என்மேல் எல்லோரும் கொஞ்ச நாள் குறைப்படுவார்கள், எனக்கு அது பழக்கம்தான். ஊரில் இல்லாததால் வர முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் மேட்டு ஜனங்கள் நம்பவும் செய்வார்கள். அவர்கள் நம்புவார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் பட்டம்மாள் பஸ் ஏறும்போது, "ஐயா வந்தா சொல்லிடுவாரும்மா" என்று எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் எப்படிப்பட்டவர் என்று நான் இத்தனை வருடம் செய்த கணிப்பு எதுவும் இப்போது கைகொடுக்கவில்லை. இனிமேல் கணிக்கவும் விருப்பமில்லை. அந்த மழையில் மேட்டின்மேல் அவர்களை ஏற்றிவிட்ட நாள் எது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். டிசம்பர் முதல் வாரம் என்று நான் நினைக்கிறேன். நனைந்துபோய் விடிகாலையில் வந்து, இரண்டு நாள் ஜுரமாகக் கிடந்தீர்கள். தேதியை யோசித்து வைக்கவும்.

முசரவாக்கம் பஸ் காலை ஒன்பதேகாலுக்கு. திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், அதனால் எட்டரைக்கே போய் ஏறிக்கொள்வேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, நிழல் பக்கம். பக்கத்தில் உங்களுக்கு ஓர் இடம் போட்டு வைக்கிறேன். யார் கேட்டாலும் ஆள் வருகிறார் என்றே சொல்வேன், பஸ் கிளம்பும் வரைக்கும்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

கமலாட்சி.